மெல்லக் கற்போர் பட்டியல்

காலாண்டுத் தேர்வு விடைத்தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்த மறுநாளே தலைமையாசிரியர் பட்டியல் கேட்பார். பத்தாம் வகுப்பில் யார் யார் மீத்திறன் மாணவர்கள், யார் யார் சராசரி, யார் யார் மெல்லக் கற்போர் என்று பாடத்துக்கு மூன்று பட்டியல். பேரெல்லாம் அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை, 'ஸ்லோ செட்டு' என்போம். அது பிள்ளைகள் காதில் விழாமல் இருக்குமா? விழும். நாலே நாளில் அவர்களே 'நான் ஸ்லோ செட்டுடி' என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் கணக்கு டீச்சர். பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம், குடியிருப்பது திருவாரூர், வேலை கீழ்வேளூரைத் தாண்டி உள்ளே போகும் ஓர் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில். காலையில் டவுன் பஸ், சாயங்காலம் டவுன் பஸ். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். இதை நானாகச் சொல்லவில்லை, என் மாமியார் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் சொன்னது. வகுப்பில் கோபம் வந்தால் சாக்பீஸ் பறக்கும். சாக்பீஸ் யார் மேலும் படாது, குறி பார்த்துத்தான் எறிவேன். வார்த்தைக்கு அப்படிக் குறி பார்க்கத் தெரியாது. அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் முப்பத்தாறு பேர். அவள் மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். ஒல்லியான பெண், இரண்டு ஜடையும் ரிப்பன் போட்டு மடித்துக் கட்டியிருப்பாள், கேட்டால் பேசுவாள், கேட்காவிட்டால் பேசமாட்டாள். அப்பா குத்தகை நிலம் பார்க்கிறார். அம்மா நடவு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். ஊரில் யாருக்கு நடவென்றாலும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டால் போதும், இருபது பெண்களோடு விடியற்காலையில் வயலில் நிற்பார்.

ஆகஸ்ட் மாதம் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அதில் வர்க்கப் பூர்த்தி முறை என்று ஒன்று வரும். எந்த வருஷமும் பிள்ளைகளுக்கு அது தொண்டையில் சிக்கும். இரண்டு நாள் கத்திக் கத்தி நடத்தியும் முப்பத்தாறு முகமும் சுவரைப் போல் இருந்தன. மூன்றாம் நாள் ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு செவ்வக நிலம். நீளம் அகலத்தைவிட ஆறு மீட்டர் அதிகம். பரப்பு இருநூற்றெண்பது சதுர மீட்டர். நீளம் என்ன, அகலம் என்ன?

எல்லாரும் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவள் மட்டும் எழுந்தாள்.

"டீச்சர், கூடுதலா இருக்கற ஆறைப் பாதியா வெட்டி..."

"எதை வெட்டற?"

"இல்ல டீச்சர், வயலு நீட்டமா இருந்துச்சுன்னா, இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கறத..."

ஏற்கெனவே எனக்குத் தலை சூடாகியிருந்தது. "ஏன்டி, இது கணக்கு வகுப்பா, உங்கம்மா நடவு வயலா? நாத்து பறிக்கவா இங்க வந்திருக்கோம்? அகலம் எக்ஸ்னு வெச்சுக்கறேன்னு ஆரம்பி. தெரியலன்னா உக்காரு. இந்த வெட்டறது ஒட்டறதெல்லாம் என் பேப்பர்ல வந்துச்சு, கிழிச்சுப் போட்டுடுவேன், ஆமா!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இறுக்கம் குறைந்ததே என்று எனக்கு உள்ளுக்குள் திருப்திகூட. அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் அகலத்தை எக்ஸ் என்று வைத்துக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அன்றைக்கு அது அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

செப்டம்பரில் காலாண்டு. விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து திருத்தினேன். அவளுடைய தாளில் ஐந்து மதிப்பெண் கணக்கு மூன்றுக்கு விடை மட்டும் இருந்தது. கணக்கும் இல்லை, படியும் இல்லை. கேள்வி எண், அதற்குக் கீழே ஒரு வரி, அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு. இரண்டு மதிப்பெண் கேள்விகளிலும் நாலு அப்படியே. எல்லா விடையும் சரி. அவளுக்கு முன் பெஞ்சில் உட்காருவது வகுப்பின் முதல் மதிப்பெண் பெண். வேறென்ன நினைப்பேன்? படி எழுத நேரமில்லாமல் எட்டிப் பார்த்து விடையை மட்டும் சுட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பொதுத்தேர்வு திருத்தும் முகாமுக்கு வருஷா வருஷம் போய் வருகிறவள் நான். அங்கே விடைக்கு ஒரு மதிப்பெண், ஒவ்வொரு படிக்கும் தனித்தனி மதிப்பெண் என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன்படிப் போட்டாலும் விடைக்காவது ஒன்று கொடுத்திருக்கலாம். நான் அதுவும் கொடுக்கவில்லை. சிவப்பு மையில் 'படிகள் எங்கே?' என்று எழுதிப் பக்கத்தில் சுழி போட்டேன். ஐந்து மதிப்பெண் கணக்கு மூன்றுக்கும் சுழி, அந்த நாலு இரண்டு மதிப்பெண் கேள்விக்கும் சுழி. கூட்டினால் இருபத்தொன்பது வந்தது.

திங்கட்கிழமை தாளைக் கொடுக்கும்போது அவளை எழுப்பினேன்.

"பாத்து எழுதினியா?"

அவள் தாளின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? கேக்கறேன்ல?"

தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். கண்ணில் நீர் திரண்டது தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இத்தனை வருஷ சர்வீஸ், பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர் எனக்கு.

மறுநாள் பட்டியல் போட்டேன். மூன்றாம் பீரியட் எனக்கு ஓய்வு. டீ வந்திருந்தது. மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து முப்பத்தைந்துக்குக் கீழே இருந்த பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். பதினோரு பேர் வந்தார்கள். பதினோராவதாக அவள் பெயர். எழுதி முடித்தபோது டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அந்தப் பட்டியலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. கணக்கில் பாஸ் மார்க் முப்பத்தைந்து. கேள்வித்தாளில் முக்கோணம் வரையும் கணக்கு ஒன்று, வரைபடத்தாளில் போடும் கணக்கு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வி பதினாலு. இது முப்பது. இன்னும் ஐந்து எப்படியாவது வந்துவிடும். ஆகவே மெல்லக் கற்கும் பிள்ளைக்கு வேறு எதையும் சொல்லித்தர வேண்டாம். காலையில் எட்டரை மணிச் சிறப்பு வகுப்பில் முக்கோணம், சாயங்காலம் வரைபடம், நடுவில் ஒரு மதிப்பெண் விடைகளை மனப்பாடம். மற்றவர்கள் பாடம் கேட்கும் நேரத்தில் இந்தப் பதினோரு பேரும் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து வராந்தாவில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருக்க வேண்டும். பரீட்சை நாள் வரைக்கும் அதே முக்கோணம்தான், அதே கோடுதான். உண்மையிலேயே கணக்கு வராத பிள்ளைக்கு இது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. இப்படிப் பாஸாகிப் பிழைத்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் எனக்குத் தெரியும்.

நவம்பரில் நாலு நாள் அடைமழை. பள்ளிக்கூடம் திறந்த அன்று வராந்தாவெல்லாம் ஈரம். பிள்ளைகள் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் வரைபடத்தாளோடு என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் இத முடிச்சிட்டேன். உள்ள போயி மத்த கணக்கும் போட்டுப் பாக்கவா டீச்சர்?"

"எதுக்கு?"

"மேத்ஸ் குரூப் எடுக்கணும்னா நெறைய மார்க் வேணுமாம் டீச்சர்."

"மொதல்ல பாஸாகற வழியப் பாரு. கூரையேறிக் கோழி பிடிக்காதவ வானமேறி வைகுண்டம் போறாளாம். போ, இன்னொரு முக்கோணம் போட்டு எடுத்துட்டு வா."

போய்விட்டாள். இன்னொரு முக்கோணம் போட்டு எடுத்துக்கொண்டும் வந்தாள். ஐயோ, அவள் வரைந்த முக்கோணம்! பென்சில் கூர் மாறாமல், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும். அதையாவது பார்த்து எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அரையாண்டுத் தேர்வில் நாற்பத்தெட்டு எடுத்தாள். காலாண்டில் போட்ட பட்டியல் வருஷம் முடியும்வரை மாறாது. பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். வயலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம் பொண்ணு கணக்கு குரூப்புதான் எடுப்பேங்குது டீச்சரம்மா. அத எடுத்து சிவில் படிக்கணுமாம். பாலம், மதகெல்லாம் கட்டுவாங்களாமே, அந்தப் படிப்பு. கெடைக்குமா டீச்சரம்மா?"

"மொதல்ல பாஸாகட்டுங்க. இப்பதான் நாப்பத்தெட்டு எடுத்திருக்கு."

"இல்லங்க, கணக்கு நல்லா வருமுங்க அதுக்கு. நாங்க நடவுக்குப் போனா எந்த வயலு எத்தனை மான்னு அதுதான் சொல்லும். கோணல் மாணலா கெடக்கற வயலுகூட கண்ணால பாத்தே சொல்லிடும். மூணு மான்னா ஒரு ஏக்கரு இல்லீங்களா, அத வெச்சு எத்தன ஆளு வேணும்னு கணக்காச் சொல்லும்."

ஊரில் எல்லாப் பெற்றோரும் தன் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் சிரித்துக்கொண்டே, "அது வேறங்க, இது வேற. நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாமப் போங்க" என்றேன்.

"நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் ஆண்டாய்வு வந்தது. அதிகாரிகள் வந்து பதிவேடுகள், தேர்வுத்தாள்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்த காலாண்டு விடைத்தாள் கட்டை எடுத்து வரிசைப்படுத்தி மதிப்பெண் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, தூசி உள்ளே வரும் என்று பாதி ஜன்னலைச் சாத்தியிருந்தேன். திறந்த பாதி வழியாக மத்தியான வெயில் மேஜைமேல் சரிந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய தாளைப் புரட்டும்போது விடைக்குக் கீழே வெற்றிடத்தில் ஏதோ கோடு தெரிந்தது. பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்த கோடு. அழுத்தி வரைகிற பெண், அதனால் தாளில் பள்ளம் விழுந்திருந்தது.

தாளைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு செவ்வகம். ஒரு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு மீட்டர் பட்டையை நடுவில் இரண்டாகப் பிரித்திருந்தாள், மூன்று, மூன்று. அதில் ஒன்றைப் பெயர்த்து இன்னொரு பக்கத்தில் ஒட்டியிருந்தாள். இப்போது அது கிட்டத்தட்டச் சதுரம், மூலையில் மட்டும் மூன்றுக்கு மூன்று ஒரு சின்னத் துண்டு குறைகிறது. அந்த மூலையில் ஒன்பது என்று எழுதியிருந்தாள். இருநூற்றெண்பதோடு ஒன்பது சேர்த்தால் இருநூற்றெண்பத்தொன்பது. அது பதினேழின் வர்க்கம். பதினேழில் மூன்று கழித்தால் அகலம் பதினாலு, மூன்று கூட்டினால் நீளம் இருபது.

வகுப்பில் கொடுத்த அதே கணக்கைத்தான் காலாண்டிலும் கேட்டிருந்தேன். நான் இரண்டு நாள் தொண்டை வறளக் கத்தியும் ஒருவருக்கும் புரியாத வர்க்கப் பூர்த்தி முறை அதுதான். நான் எழுத்தில் போட்டதை இவள் படத்தில் போட்டிருக்கிறாள். சொல்லப்போனால் அந்த முறைக்கு ஏன் அப்படிப் பேர் வந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துப் புரிந்தது. கோணல் வயலில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை மனசுக்குள் வெட்டி இந்தப் பக்கம் வைத்துப் பார்த்து எத்தனை மா என்று சொல்கிற பெண் அவள். அதைத்தான் அன்றைக்கு எழுந்து நின்று சொல்ல வந்தாள்.

மற்ற இரண்டு கணக்கையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். அவற்றிலும் படம் வரைந்து, போட்டு, அழித்திருந்தாள். ஒரு தாளில் பென்சிலால் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. கட்டை அப்படியே மேஜைமேல் விட்டுவிட்டு எழுந்தேன்.

வராந்தாவுக்குப் போய் அவளைத் தனியே கூப்பிட்டேன். ஜியோமெட்ரி பெட்டியோடே எழுந்து வந்தாள்.

"காலாண்டுல அந்த நிலக் கணக்க எப்படிப் போட்ட?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் பாத்து எழுதல டீச்சர். சத்தியமா டீச்சர்."

"பாத்து எழுதினன்னு சொல்லல. போட்டுட்டு எதுக்கு அழிச்ச?"

"நீங்கதான டீச்சர்... அப்படிப் போட்டா கிழிச்சுப் போட்டுடுவேன்னீங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அம்மாடி, தப்பு என்மேல' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. பாழாய்ப் போன இந்த வாய், வேண்டாத நேரத்தில் எல்லாம் கிழிகிற வாய், அந்த மூன்று வார்த்தைக்குத் திறக்கவில்லை. "சரி, போ" என்றேன். அவள் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து அளவுகோலை எடுத்தாள்.

தலைமையாசிரியரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் வாழைப்பழம் வாங்கித் தருகிற மனிதர். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பெண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன்.

"பரீட்சைக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கு டீச்சர்? விட்ட பாடத்தை எல்லாம் அந்தப் பொண்ணுக்கு முடிச்சிடுவீங்களா?"

"கஷ்டம்தான் சார். ஆனா அந்தப் பொண்ணுக்கு..."

"பாஸாகற பொண்ண எதுக்குக் குழப்பணும்? எல்லாத்தையும் போடறேன்னு ஆரம்பிச்சு, கடைசில முக்கோணத்தையும் விட்டுட்டு வந்துச்சுன்னா? ஒண்ணு போச்சுன்னா நூறு சதவீதம் போச்சு. மாவட்டத்துல கேள்வி கேப்பாங்க, நீங்களும் நானும்தான் போயி நிக்கணும். பாத்துக்கங்க."

"சரிங்க சார்" என்றேன்.

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. பட்டியலிலிருந்து அவளை எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும், அவள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், வகுப்பு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றதும் அந்த வேலை மிச்சம். இதைவிட ஒரு கேவலம் உண்டா? நாலு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் தனியாக உட்காரவைத்திருந்தால்கூட அந்தப் பெண் பாதிப் பாடத்தைப் பிடித்திருப்பாள். செய்யவில்லை. ஆண்டாய்வு, செய்முறை மதிப்பெண், அந்த வேலை, இந்த வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிவுகள் வந்தன. முப்பத்தாறு பேரும் பாஸ். அவள் கணக்கில் ஐம்பத்தெட்டு. வரைந்த பதினாறும் முழுதாக வந்திருக்கும், ஒரு மதிப்பெண் கேள்விகளும் வந்திருக்கும், மிச்சத்தைத் தானாகத் தட்டுத்தடுமாறிப் போட்டிருப்பாள். பள்ளிக்கூட வாசலில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் என் படமும் இருந்தது. மாவட்டத்தில் கூப்பிட்டு மேடையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே மேத்ஸ் குரூப்பில் மதிப்பெண் வரிசைப்படிதான் எடுப்பார்கள். அவள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இல்லன்னுட்டாங்க டீச்சரம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

அந்த அம்மா எதிரே நிற்கும்போதே அந்தப் பள்ளித் தலைமையாசிரியைக்கு ஃபோன் போட்டேன்.

"அம்பத்தெட்டு எடுத்த பொண்ணுக்கு மேத்ஸ் குரூப்பா டீச்சர்? எம்பது எடுத்ததுங்களே வெளியில நிக்குது. உங்ககிட்ட இது எந்த செட்டுல இருந்துச்சு?"

"ஸ்லோ செட்டுதாங்க. ஆனா நல்லாப் போடற பொண்ணுங்க."

"நல்லாப் போடற பொண்ணு எதுக்கு டீச்சர் அந்த செட்டுல இருந்துச்சு?"

எதிரே அவள் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைச் சொல்ல வேண்டியவளும் நான் ஒருத்திதான். "இல்லங்க, அது வந்து..." என்று இழுத்தேன். "லிஸ்ட் முடிஞ்சிடுச்சு டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அவர் வைத்துவிட்டார். கிடைக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "நீங்க சொல்லியே ஆகலன்னா வேற யாரு சொல்லி ஆகப்போவுது. அதுக்குக் குடுப்பினை அவ்வளவுதான்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதல்! பெண்ணைத் தொழிற்கல்விப் பிரிவில் சேர்த்தார்கள். பாலிடெக்னிக்கிலும் சிவில் உண்டு, ஆனால் அதற்குத் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கவேண்டும், அப்பா விடமாட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் அவளை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். போன மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக என்னை அந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முகப்புத்தாளிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். நாலாவது வரிசையில் அவள். வளர்ந்திருந்தாள். முகம் மட்டும் அப்படியே. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சை அறை, ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

மணி அடித்து, தாள்களை வாங்கிக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்தால், படிக்கட்டுக்குக் கீழே எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர், நல்லாருக்கீங்களா? எளைச்சுட்டீங்களே டீச்சர்."

"இருக்கேன்டி. நீ எப்படி எழுதின?"

"நல்லா எழுதிருக்கேன் டீச்சர். முடிச்சிட்டு திருப்பூருக்குப் போறேன். எங்க அத்தை இருக்காங்க அங்க, கம்பெனில சேத்துவிடறேன்னிருக்காங்க."

இனியும் சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்க பாரு, நான் சொல்றதக் கேளு. உனக்குக் கணக்கு நல்லா வரும். அன்னிக்கு உன்னை அந்த செட்டுல போட்டது என் தப்பு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்டி தப்புப் பண்ணிட்டேன்."

அவள் சிரித்தாள். எனக்காகப் பரிதாபப்பட்டுச் சிரிப்பது போல ஒரு சிரிப்பு.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? எனக்குக் கணக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க அந்த செட்டுல போட்டு வரைய வெக்கலன்னா நான் ஃபெயிலாயி வீட்டுலதான் இருந்திருப்பேன். எங்கம்மா இப்பவும் சொல்லும், டீச்சரம்மாதான் உன்னைக் கரையேத்துனாங்கன்னு."

"இல்லடி..."

"விடுங்க டீச்சர். பஸ்ஸு வந்துடும்." இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "டீச்சர், என் தங்கச்சி உங்ககிட்டதான் அடுத்த வருஷம் பத்தாவது வரும். அதுவும் என்னை மாதிரிதான். அதையும் பாஸ் பண்ண வெச்சிருங்க டீச்சர்."

ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டாள். நான் அந்தப் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து, டீச்சர் மயக்கமா, தண்ணி வேணுமா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் பத்தாம் வகுப்புக்குள் போய் வருகைப் பதிவேட்டைக்கூட இன்னும் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அக்காவின் முகம் அப்படியே.

"டீச்சர், நான் ஸ்லோ செட்டு டீச்சர். வராந்தாவுக்குப் போகவா?"

"யாரு சொன்னது?"

"அக்கா சொன்னுச்சு டீச்சர். மொத நாளே டீச்சர்கிட்ட சொல்லிடு, அப்பதான் பாஸாவலாம்னு."

அதற்குள் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு விட்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் அதுவரை ஒரு பரீட்சைகூட வைத்ததில்லை.